ஒரு புகாரும் ஒரு டப்பா கருவாடும்

1

விதி தெளிவாகவே இருக்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றி நேயர் ஒருவர் புகார் அனுப்பினால், அது கிடைத்தது என்ற ஒப்புகையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். பதினைந்து நாள்களுக்குள் அதன்மீது முடிவெடுத்துப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் அதற்கு மேலும் ஒரு படி. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இதெல்லாம் அச்சில் கிடக்கிறது. படிப்பதற்குத்தான் ஆளில்லை.

நான் படிப்பேன். தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற ஆர்வத்தோடு நான் விதிகளைப் பார்ப்பேன். மனைவி காலமான பிறகு அடிலெய்டில் மகள் கிரேஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே வந்ததும் நான் முதலில் முழுக்கப் படித்தது நூலகத்தின் உறுப்பினர் விதிகள். இரண்டாவது, குப்பைத் தொட்டிகளை எந்தக் கிழமை எந்த நிறத்தில் வெளியே வைக்க வேண்டும் என்ற நகராட்சி அறிவிப்பு. இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆகஸ்டில் நான் ஒரு தமிழ்த் தொலைக்காட்சிக்கு அனுப்பிய புகாருக்கு இப்போது பதில் வந்திருக்கிறது. அந்தப் புகாரால் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

2

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தொடர் தூத்துக்குடியில் நடப்பதாகப் பேர். அதில் முத்தழகி என்று ஒரு சங்குகுளிக்கிறவர் மகள். பெரிய பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்கிறாள். அங்கே நிவேதா என்று ஒருத்தி, துறைமுக அதிகாரி மகள். முத்தழகி உட்காரும் பெஞ்சில் மற்றவர்களை உட்கார விடமாட்டாள். மூக்கைப் பொத்திக்கொள்வாள். முத்தழகியின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரிப்பாள்.

தொடரில் பிழைகளுக்குக் குறைவில்லை. மாதம் இரண்டு தடவை தூத்துக்குடிக் கடலில் சூரியன் மறைந்தது. எங்கள் ஊரில் சூரியன் கடலில் இருந்து எழும்பும். மறைவது ஊருக்கு மேற்கே, தரைப் பக்கம். சூரியன் கடலுக்குள் இறங்குவதைத் தினமும் பார்க்க நான் அடிலெய்டு வர வேண்டியிருந்தது. முத்தழகியின் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முத்தோடு கரையேறினார். முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிறது. இப்போது மூழ்குகிறவர்கள் சங்குக்காக மூழ்குகிறார்கள் என்பதை யாரும் தொடர் எடுக்கிறவர்களிடம் சொல்லவில்லை போலும். துறைமுக அதிகாரி வீட்டில் பளிங்குப் படிக்கட்டு. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க ஒழுகாத குவார்ட்டர்ஸ் ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மூக்கைப் பொத்துகிற காட்சியை மட்டும் சரியாக எடுத்திருந்தார்கள். முத்தழகி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, குழாயடியில் தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கும்போது கிரேஸுக்குக் கண் நிறைந்துவிடும். "பாவி, இவள்லாம் நல்லாவே இருக்க மாட்டா" என்று நிவேதாவைத் திட்டுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் பேத்தி ரூத், ஆறாம் வகுப்பு, ஒன்றும் சொல்ல மாட்டாள். தமிழ் புரியவில்லையாக்கும் என்று நினைத்தோம்.

3

ஜூலைக் கடைசியில் பள்ளியில் இருந்து மெயில் வந்தது. இந்த நாட்டு மெயில்கள் மிக மரியாதையானவை. கெட்ட செய்தி மூன்றாவது பத்தியில்தான் வரும். 'ஒரு சக மாணவியின் நலன் குறித்த கவலை' என்று தொடங்கியதால் யாரோ ரூத்தைத் துன்புறுத்துகிறார்கள் என்று கிரேஸ் பதறிவிட்டாள். மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறவள்; இடைவேளையில் எனக்குப் போன் செய்து, "அப்பா, யாரோ நம்ம பிள்ளைய என்னமோ செய்யுதுங்க. நீங்க படிச்சுப் பாருங்க" என்றாள்.

மூன்றாவது பத்தியைப் படித்தேன். துன்புறுத்தியது ரூத்.

லின் என்று ஒரு வியட்நாமியப் பெண் அந்தப் பருவத்தில்தான் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவள் மதியச் சாப்பாட்டில் மீன் வாசனை. ரூத்தும் மூன்று தோழிகளும் அவள் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தார்கள். விளையாட்டைக் கண்டுபிடித்தது ரூத். இப்போது லின் பள்ளியில் சாப்பிடுவதே இல்லை. டப்பா திறக்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

எங்கள் குடும்பம் வீடு முழுக்கக் கருவாட்டு வாசனையோடு வளர்ந்த குடும்பம். அந்த மெயிலை நான் இரண்டு தடவை படித்தேன்.

கிரேஸ் அன்று மாலை ரூத்தை நிற்க வைத்துக் கேட்டாள். "எங்க இருந்துடி கத்துக்கிட்ட இத?"

ரூத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இயர் த்ரீல என்னை இப்படிச் செஞ்சாங்க."

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் புளிக்குழம்புச் சோறு கொண்டு போயிருக்கிறாள். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் சீஸ் சாண்ட்விச்தான். பிள்ளைக்குச் சீஸ் பிடிக்கும் என்று நாங்கள் உறவினர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பள்ளி தன் நடைமுறைப்படி நடந்தது. நால்வரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நால்வரும் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் பெயரையும் பலகையில் எழுதவில்லை, வெயிலில் நிறுத்தவில்லை. நான் படித்த காலத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இது வேறு கிரகம். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் கழித்து நானும் ரூத்தும் தொடர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"தாத்தா, நான் நிவேதாவா?"

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"நான் சாரி எழுதிக் குடுத்துட்டேன். லின் வாங்கி பேக்ல வச்சுக்கிட்டா. ஆனா இன்னும் சாப்பிட மாட்டேங்கிறா. இப்ப நான் என்ன பண்ணணும்? நிவேதா என்ன பண்ணுவா?"

"பாப்போம். நாளைக்குக் காட்டுவான்" என்றேன்.

மறுநாள் தொடர் தொடங்கியதும் திரையில் 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்து ஓடியது. முத்தழகி கலெக்டராகிக் காரில் இருந்து இறங்கினாள். நிவேதா இல்லை. அவள் அப்பாவுக்கு எப்போதோ மாறுதல் ஆகிவிட்டதாக ஒரு பாத்திரம் போகிற போக்கில் சொன்னது. அவ்வளவுதான். நடித்த பெண் வேறு தொடருக்குப் போயிருப்பாள். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அதுகூட இல்லை.

ரூத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ எங்க?" என்றாள். அப்புறம் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

4

எனக்குத் தெரிந்ததைத்தான் நான் செய்ய முடியும். புகார் எழுதினேன். மூன்று இனங்கள். இனம் ஒன்று: சூரியன். இனம் இரண்டு: வெள்ளிக்கிழமை முத்து. இனம் மூன்று: 'மாணவி ஒருத்தியைச் சாப்பிடவிடாமல் துன்புறுத்திய நிவேதா என்ற பாத்திரம், தான் செய்ததன் விளைவை எவ்வாறு எதிர்கொண்டது, அதைச் சரிசெய்ய என்ன முயன்றது என்பது காட்டப்படவில்லை. இளம் நேயர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை உள்ளது. விவரம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

வெறுமனே ரசிகர் கடிதமாக எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். புகாராக எழுதினால் சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும். அதுதான் என் கணக்கு.

ஒப்புகை வரவில்லை. பதினைந்து நாளும் கடந்தது. நினைவூட்டு அனுப்பினேன். ரூத் பள்ளி விட்டு வந்ததும், "பதில் வந்துச்சா தாத்தா?" என்று கேட்பாள். "விதி இருக்கு. வரும்" என்பேன். லின்னைப் பற்றி நான் கேட்பேன். "தண்ணி மட்டும் குடிக்கிறா" என்பாள்.

5

ஞாயிற்றுக்கிழமைதோறும் லூர்து மிராந்தாவோடு வீடியோ பேச்சு. லூர்து துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் அப்பா சங்கு குளித்தவர். நான் நாசரேத்தில் இருந்து தூத்துக்குடி ஹாஸ்டலுக்குப் படிக்க வந்தபோது ஒரே வகுப்பு. பனைக்காட்டு ஊரில் இருந்து வந்தவன் என்பதால் அவன் எனக்கு வைத்த பெயர் கருப்பட்டி. இன்றுவரை அதுதான்.

அவனும் அந்தத் தொடரின் தீவிர நேயர்.

"ஏலே கருப்பட்டி, அந்தக் கலெக்டரு பிள்ள கார்ல இருந்து இறங்குததையே இன்னமும் காட்டுதான். இறங்கி முடிச்சாளா இல்லையா?"

"எனக்கு இன்னும் நேத்து உள்ளதுதான் வந்திருக்கு."

"அந்த வாயாடிப் பிள்ளய எங்கலே? நிவேதா. தூக்கிக் கடல்ல போட்டுட்டானுவளா?"

"புகார் எழுதியிருக்கேன்."

"எழுதுவ. நீ ஹாஸ்டல்லயும் அதானல செஞ்ச! லூர்து என்னை இப்படிச் சொல்லுதான், அப்படிச் செய்தான்னு நம்பர் போட்டு வார்டன்ட்ட எழுதிக் குடுத்தவந்தான நீ!"

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்து ரூத்தின் தலை திரைக்குள் வந்தது.

"லூர்து தாத்தா, நீங்க எங்க தாத்தாவ புல்லி பண்ணீங்களா?"

"என்ன பண்ணேன்?"

"கிண்டல் பண்ணி அழ வைக்கிறது."

"ஆமாளா. ஒரு வருசம். கையில கருப்பட்டிப் பொட்டலம், வாயில பைபிள் வசனம், எண்ணெய் வடியுத தலை. இப்படி ஒருத்தன் வந்தா விடுவமா? பள்ளிக்கூடமே வேண்டாம், ஊருக்குப் போறேன்னு பெட்டிய கட்டிட்டான் உங்க தாத்தன்."

"அப்புறம் சாரி சொன்னீங்களா?"

லூர்து கொஞ்சம் யோசித்தான். உண்மையிலேயே நினைத்துப் பார்க்கிற முகம்.

"சாரியா? இல்ல. அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல வராது. வார்டன் எங்கப்பாகிட்ட சொல்லிட்டாரு. அடிப்பாருன்னு இருந்தேன். அடிக்கல. மறுநா ஒரு கோர்வை மீனைக் கையில தந்து, 'அந்தப் பையன் சாப்பிடுத இடத்துல கொண்டு குடு'ன்னாரு. ஹாஸ்டல் அடுப்படில போய் நின்னேன். 'கொழம்புக்கு'ன்னேன். வேற பேசல."

"தாத்தா வாங்கினாங்களா?"

"வாங்காம என்ன! அன்னைக்கு அவனுவளுக்கு வெறும் பருப்புத் தண்ணி. சமையக்காரர் எனக்கும் ஒரு தட்டப் போட்டு, போய் அவன் பக்கத்துல இருலேன்னாரு. இருந்தேன். ரெண்டு பேரும் தின்னோம். வாங்கித் தின்னுட்டா சோலி முடிஞ்சிட்டு பிள்ள. திருப்பித் தந்தாத்தான் சண்ட நிக்கும்."

"அப்புறம் கிண்டல் பண்ணவே இல்லையா?"

"பண்ணாம இருக்க முடியுமா? ஆனா அதுக்கப்புறம் வேற எவனையும் அவனக் கருப்பட்டின்னு சொல்ல விடல."

இது உண்மை. எங்கள் கடற்கரையில் சண்டை போட்ட வீட்டுக்கு மறுநாள் குழம்புக்கு மீன் வந்தால் விஷயம் முடிந்தது என்று பொருள். எத்தனையோ சண்டைகள் அப்படி முடிந்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மீனைக் கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து தின்றதுதான் என்னை ஊருக்குப் போகாமல் நிறுத்தியது. அதை லூர்துவிடம் நான் சொன்னதில்லை. இதைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு அவன் என்னைப் படுத்தப் போகிறான்.

6

"எனக்கு நாளைக்கு லஞ்சுக்குக் கருவாடு வேணும்" என்றாள் ரூத்.

"ஸ்கூலுக்கா? வேண்டவே வேண்டாம்" என்றாள் கிரேஸ்.

நான் பள்ளியின் உணவு விதிகளை எடுத்துப் பார்த்தேன். கடலை, பாதாம், முந்திரிக்குத் தடை. மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொண்டு போகலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது லூர்துவின் மனைவி கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு இருந்தது. விமான நிலையத்தில் அறிவிப்பு அட்டையில் நேர்மையாக எழுதி, அதிகாரி முகர்ந்து பார்த்து, ஒரு அடி பின்வாங்கி அனுமதித்த சரக்கு. சன்னல்களைத் திறந்து வைத்து மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தேன்.

மாணவர்கள் தங்கள் உணவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்ற விதி அடுத்த பக்கத்தில் இருந்தது. அதையும் நான் படித்திருந்தேன். அவள் பகிரப் போகிறாள் என்பதுதான் எனக்குத் தெரியாது.

மறுநாளே பள்ளியில் இருந்து அழைப்பு. கிரேஸுக்கு வேலை, நான் போனேன். சான்றுப் பொருள் இல்லாமல் எந்த விசாரணைக்கும் போகக் கூடாது என்பதால் மிச்சக் கருவாட்டை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். அறையில் துணைத் தலைமையாசிரியை, ரூத், லின், லின்னின் அம்மா. அந்த அம்மா பேக்கரி வேலையில் இருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. என் வாயில் இருந்து துறைமுக அலுவலக ஆங்கிலம் புறப்பட்டது. "உங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால்" என்று நான் தொடங்கியதும், துணைத் தலைமையாசிரியை நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்தோ என்னவோ பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததை அவர் சொன்னார். ரூத் தன் தோழிகளின் மேசையை விட்டு எழுந்து, லின் தனியாக இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். டப்பாவைத் திறந்திருக்கிறாள். சாப்பாட்டுக் கூடம் முழுக்க வாசனை. பக்கத்து இரண்டு மேசைகளும் காலி. அந்த மூன்று தோழிகளும் ரூத்தைப் பார்த்து மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். ரூத் எழுந்திருக்கவில்லை. டப்பாவை நடுவில் நகர்த்தியிருக்கிறாள். லின் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் ஒரு நெத்திலியை எடுத்தாள். பிறகு தன் டப்பாவைத் திறந்தாள்.

"அதை நான் தனியாகக் குறித்திருக்கிறேன்" என்றார் துணைத் தலைமையாசிரியை. "லின் இங்கே சாப்பிட்டு வாரக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் பகிர்வது விதிமீறல். கண்காணிப்பில் இருந்த ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார்."

அந்த ஆசிரியர் கடமையைச் செய்திருக்கிறார். நான் குறை சொல்ல மாட்டேன்.

லின்னின் அம்மா மகளிடம் ஏதோ கேட்டார். லின் என்னிடம், "அது என்ன மீன்?" என்று மொழிபெயர்த்தாள். நான் சான்றுப் பொருளைத் திறந்தேன்.

அந்த அம்மா குனிந்து முகர்ந்தார். சட்டென்று சிரித்தார். மகளிடம் வேகமாகப் பேசினார். "எங்க வீட்டிலேயும் இதே மீன் இருக்கு. அம்மா சர்க்கரை போடுவாங்க. இதில் மிளகாய் நிறைய என்கிறாங்க" என்றாள் லின். மிளகாய் நிறைய என்பது எப்படித் தெரிந்தது என்றால், அதற்குள் அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார். பிறகு இன்னொன்று.

துணைத் தலைமையாசிரியை விதியைப் பார்த்தார். "மாணவர்கள் என்றுதான் இருக்கிறது" என்று நான் நினைவுபடுத்தினேன்.

ரூத் என் கையை இழுத்துத் தமிழில் கிசுகிசுத்தாள். "வாங்கிட்டாங்க."

"இதை நான் எப்படி எழுதி முடிப்பது?" என்று துணைத் தலைமையாசிரியை கேட்டார். என் வாழ்நாளில் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். "விதி நினைவூட்டப்பட்டது; மேல் நடவடிக்கை தேவையில்லை" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அயல்நாட்டில் என் அனுபவத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "வெளியே வச்சு லின் என்ன சொன்னா?"

"நான் செஞ்சதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காம். மறக்க மாட்டாளாம். ஆனா வியாழக்கிழமையும் கொண்டு வரணுமாம்."

"பகிரக் கூடாதே?"

"பகிர மாட்டோம் தாத்தா. அவ அவளோடத, நான் என்னோடத. பக்கத்துல பக்கத்துல."

7

அந்த மூன்று தோழிகளில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். இரண்டு பேர் வரவில்லை. ரூத் அதற்காகச் சில நாள் அழுதாள். லின் எல்லா நாளும் அவளோடு உட்காருவதில்லை. வியாழக்கிழமை மட்டும் நிச்சயம். வருடக் கடைசியில் அந்த வியாழக்கிழமைச் சாப்பாடு பள்ளி விட்டதும் எங்கள் வீட்டு அடுப்படி வரை வந்தது.

இதற்கிடையில் நான் இரண்டாம் நினைவூட்டும் மேல்முறையீடும் அனுப்பி வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், விதிப்படி பதினைந்தாம் நாளே பதில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயமாக இருக்கிறது. அதை நான் ரூத்துக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும். விதிமீறலுக்காக ஒரு அலுவலகத்துக்கு நன்றி சொல்லும் நிலை எனக்கு இதற்குமுன் வந்ததில்லை.

பதில் வந்தபோது இரண்டு பேரும் அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிச் சட்டியில் மிளகாய், பாதியில் சர்க்கரை. எல்லை எங்கே என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இனம் ஒன்று, காட்சி அழகு கருதி. இனம் இரண்டு, கற்பனை. இனம் மூன்று, 'நிவேதா என்ற பாத்திரம் கதையின் தேவைக்கேற்ப நிறைவு செய்யப்பட்டது.'

"யாரு மெயில் தாத்தா?" என்று ரூத் சட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டிவிக்காரன். நிவேதாவைப் பத்தி."

"யார் நிவேதா?" என்றாள் லின்.

ரூத் ஒரு நொடி கரண்டியை நிறுத்தினாள். "ஒரு சீரியல்ல வர்ற பொண்ணு" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "பாதியில விட்டுட்டாங்க." பிறகு, "உன் பக்கம் கருகுது, திருப்பு" என்றாள்.

பழக்கம் விடவில்லை. கோப்பைத் திறந்து கடைசி வரியை எழுதினேன். பதில் கிடைத்த நாள்: டிசம்பர் 11, வியாழக்கிழமை.